நாற்பது தட்டு

மல்லாவி ஆஸ்பத்திரியில்
இரண்டு படங்களையும் வெளிச்சப் பெட்டியில் கொளுவிவிட்டு
நிரூஜா கேட்டாள்:
"எது வேலைக்குப் போற கால் எண்டு தெரியுதே அக்கா?"

தெரிந்தது.
வலது தொடையெலும்பின் சுவர்
நான் அரிகிற ஆறங்குலக் கல்லைப் போலத் தடிப்பு.
இடது, கறையான் தின்ற பனைமட்டை.

"ஷெல் பட்டது முழங்காலுக்குக் கீழைதானே பிள்ளை,
தொடையிலை ஒண்டும் படேல்லை."

"ஒண்டும் படேல்லை.
அதுதான் அக்கா வருத்தம்."

எலும்புக்குள் ஒரு கூட்டம் தின்கிறதாம்
ஒரு கூட்டம் பூசுகிறதாம்.
ஞாயிறு, தைப்பொங்கல், ஊரடங்கு எதற்கும் லீவில்லை.
இவற்றுக்கு நடுவே
கல்லுக்குள் குழி பறித்துக் குந்தியிருக்கின்றன இன்னும் சில,
சிலந்தி மாதிரிக் கால் நீட்டியபடி.
ஒவ்வொரு காலுக்கும் மயிரிலும் மெல்லிய ஒரு வாய்க்கால்.
நான் ஊன்றினால் எலும்பு வளைகிறது,
என் கண்ணுக்கோ அவள் கண்ணுக்கோ படாத அளவு.
வாய்க்காலில் நீர் ஒருபக்கம் ஒதுங்குகிறது.
அதுதான் அவைக்குத் தந்தி:
இங்கே ஒருத்தி நிற்கிறாள், பூசு.
நீர் அசையாத இடத்தைத்
தின்னலாம்.

வவுனிக்குளத்தில் நீந்தட்டுமா என்றேன்.
சிரித்தாள்.
"குளம் உங்களைத் தூக்கி வைச்சிருக்கும்.
நீங்கள் இருக்கிறதே எலும்புக்குத் தெரியாது."

பிறகு, படத்தை உறைக்குள் போட்டபடி,
பத்து வருஷத்தில் எலும்பெல்லாம் கிட்டத்தட்டப் புதிசு என்றாள்
ரயர் மாற்றுவதைச் சொல்வது போல.

துணுக்காய் பஸ்ஸில் கணக்குப் பார்த்தேன்.
அந்த மே மாதத்தில் என்னோடு ஓடிய எலும்பு
இப்போது என்னிடம் இல்லை.
கேட்காமல் கொள்ளாமல் கரைந்து
மூத்திரத்தோடு போய்விட்டது.
கோபம் வந்தது எனக்கு.
பதிய வந்த எல்லோருக்கும்
நாள், நேரம், பங்கர் வாசல் எந்தத் திசை என்று
நான் ஒப்பித்துக்கொண்டிருக்க
உள்ளே நின்ற சாட்சி
ஆள் மாறியிருக்கிறது.

கோபத்தோடுதான் தொடங்கினேன்.
மணலில் கூடாது, மணல் அடியை வாங்கிவிடும்.
சீமெந்து நிலத்தில், நானே அரிந்து
மூலை உடைந்ததால் விலைப்படாத கல் ஒன்றைப் போட்டு
அதில் ஏறி
இடது காலால் இறங்க வேண்டும்,
பொய்க்கால் நிலத்தில் அடிக்கும்படி.
காலையில் நாற்பது, பொழுதுபட நாற்பது.
அதற்கு மேல் தட்டினால் எலும்பு செவிடாகிவிடும்,
சில மணித்தியாலம் விட்டால்தான் காது திரும்பும்.
ஊமத்தை அரைத்துக் கட்டச் சொன்னவர்கள்
இதை எனக்குச் சொல்லவில்லை.

"இரவிலை என்ன, மா இடிக்கிறியோ?"
வேலிக்கு அங்காலிருந்து தவராணி.
"ஓம்" என்றேன்.
வேறென்ன சொல்வது.

மாரி போய்ச் சிறுபோகமும் முடிய
இன்னொரு படம் எடுத்தார்கள்.
நிரூஜா பென்சில் முனையால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினாள்.
பால் சிந்தித் துடைத்த பிறகும் நிற்கிற வெள்ளை அளவு.
டொக்டர் குனிந்து பார்த்தார்
ஒன்றும் சொல்லவில்லை.

இன்றைக்கு இருபது பைக்கற் சீமெந்து குழைத்த அலுப்பு.
முப்பத்தாறு.
தவராணி வீட்டு லைற் எரிகிறது.
முப்பத்தேழு.