இரண்டு பூட்டு

பேரணாம்பட்டில் எங்கள் கோயிலுக்கு
இப்போது இரண்டு பூட்டு, ஆண்டவரே.
ஒரு சாவி மாசிலாமணியிடம்.
ஒன்று என் அரைஞாணில்,
குளிக்கும்போதும் உறுத்துகிறது.
செவ்வாய்க்கிழமை வேலூரில் வாய்தா.

தோல் ஷாப்பில் ராத்திரி ஷிப்ட் முடித்து
நேராக வருகிறார்கள் பெண்கள்.
பூட்டிய கதவுக்கு முன்னால், வெயிலில்,
பாவ அறிக்கை சொல்கிறார்கள்.
கையில் சுண்ணாம்பு வாடை போகவில்லை;
விசுவாசப் பிரமாணத்தில் ஒரு சொல் பிசகவில்லை.
நான் வேப்பமரத்தடியில் நின்று
யார் யார் எந்தப் பக்கம் என்று எண்ணினேன்.

'கிருபையினாலே மாத்திரம்' என்று
பீடத்துக்கு மேலே எழுதச் சொன்னவன் நான்.
பெயிண்டர் கூலி இன்னும் பாக்கி.
அந்தப் பணம் வக்கீலுக்குப் போயிற்று.

புதுக் கோபுரம் கேட்கவில்லை.
பிதாக்கள் பிடித்த உபதேசத்தில்
எங்களை நிறுத்தும், எங்களைப் புதுப்பியும்...
இல்லை,
'எங்களை' என்பதில் ஒளிந்துகொள்கிறேன்.
என்னை.

மலட்டாறு என்று பேர் வைத்த ஆற்றிலும்
போன ஐப்பசியில் வெள்ளம் வந்ததே.
நானே பாலத்தில் நின்று பார்த்தேன்.

மாசிலாமணி வீடு நாலாவது தெரு.
நாய் குரைக்கும், அவன் மனைவி முகம் திருப்புவாள்.
நாளை நற்கருணை.
அதற்குள் இந்தச் சாவியை
அவிழ்க்க வையும்.