இரண்டு காபிக்கு ஒரு சொல்

டயர்க் கடை மாடியில் ஸ்லோவேனிய வகுப்பு.
சங்ககிரி டிரைவர்கள் ஏழு பேர்.
வீட்டுக்கு வந்தால் நான்தான் வாத்தியார்,
சென்னியப்பன்
பெஞ்சு மேல் ஏற வேண்டிய பையன்.

ரொட்டி? க்ரூஹ்.
தண்ணி? வோடா.
பால்? ம்லெகோ.
"அந்த 'ம்' வாரதுக்குள்ள பால் திரிஞ்சு போயிரும்."
திரிந்ததற்கும் பேருண்டு, கிஸ்லோ ம்லெகோ.

ஜ்கான்சி என்று ஒரு படம்.
புத்தகத்தைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தேன்.
அட, களி!
கம்புக்குப் பதில் ஏதோ கறுத்த மாவு,
மோருக்குப் பதில் அந்தப் புளித்த பால்.
இதைத் தின்னவா
ஏஜெண்டுக்கு ஆறு லட்சம் கட்டினோம்?
சிரிப்பு அடங்க நேரமாச்சு.

காபியில்தான் வண்டி நின்றது.
ஒன்று காவா.
இரண்டு காவி.
மூன்று காவெ, ஐந்துக்குப் போனால் வெறும் காவ்.
இரண்டு பேர் சேர்ந்து குடித்தால் அதற்கே ஒரு வினை:
பியேவா.
"அங்க வண்டிக்குக் கிளீனரே கிடையாது,
ரெண்டு காபி எனக்கெதுக்கு?"
அந்தப் பக்கத்தை மடித்து விட்டார்.

விசா வந்தது,
ஒருவருக்கு.

நேற்று போனில்,
பனி கொட்டும் ஏதோ பங்கில் நிறுத்தி,
"காவான்னேன், குடுத்துட்டான்!"
பரீட்சை பாஸான குரல்.
இங்கே களிச் சட்டி ஊறிக்கொண்டிருந்தது.
பியேவா, என்றேன்.
"அதென்ன?"
நீங்க மடிச்ச பக்கமுங்க.
பின்னால் ஹாரன் அடித்தார்கள்.
வண்டியை எடுக்கணும் என்றார்.