பாதி தண்ணீர்

விளம்பரத்தில் பதினேழு ஏக்கர் என்றிருந்தது.
ட்வீட் தாண்டி, தார் முடிந்து, சரளை முடிந்து,
தபால்பெட்டி ஒன்று குப்புறக் கிடந்த இடத்தில்
கிளென் காரை நிறுத்தி
"இனி நடைதான்" என்றான்.
அவனுடைய சப்பாத்து பளபளத்தது.
அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

எட்டு ஏக்கர் மேடு. மேப்பிள், ஓக், கொஞ்சம் ஹெம்லாக்.
மிச்சம் ஒன்பதும் முழங்கால் மட்டும் தண்ணீர்.
அதற்குள் சீடர் மரங்கள் நெருக்கியடித்துக்கொண்டு
பேருந்து வராத தரிப்பிடத்தில் நிற்கிற சனம் போல.

குகபாலன் கைபேசியில் பெருக்கினான்:
"இருநூற்றெழுபத்திரண்டு பரப்பு.
ஊரில இவ்வளவு காணி உள்ளவன்
எங்களோட கதைக்கவே மாட்டான்."
பிறகு மேட்டை மட்டும் பெருக்கினான்.
பிறகு அவனும் கதைக்கவில்லை.

நான் குனிந்து சேற்றைப் பார்த்தேன்.
பிளந்த குளம்பு, அதன்மேல் இன்னொன்று,
நேற்றையது, இன்று காலையது,
ஒன்று மட்டும் வலப்பக்க நுனி உடைந்தது.
ஸ்காபரோ இறைச்சிக் கடையில்
பதினொரு வருடம் ஆட்டுக்கால் வெட்டியவள் நான்.
பனி இடுப்பளவு விழுகிற மாதங்களில்
காற்றுப் புகாத இந்தச் சீடர் இருட்டுக்குள்தான்
மான்கள் ஒடுங்கிக் கிடக்கும்.
கிளென் மன்னிப்புக் கேட்கிற குரலில்
சதுப்பைக் காட்டி நாலாயிரம் குறைத்தான்.
நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன்.

உறுதி எழுதின வழக்கறிஞர் கேட்டார்:
"வீடு கட்டவா?"
"மான் சுட."
பேனையை ஒருமுறை பார்த்தார்,
நீலமா கறுப்பா என்று பார்ப்பது போல.
துப்பாக்கி வகுப்பிலும் கேட்டார்கள்,
முன்பு ஆயுதம் ஏதும் பழக்கமா என்று.
"கத்தி" என்றேன். வகுப்பே சிரித்தது.
என்னைக் கூட்டிப்போக வந்து
கதவோரம் நின்ற குகபாலன் சிரிக்கவில்லை.
"காணிக்குக் கையெழுத்து வைக்கிறன்.
அந்தச் சாமானைத் தொடமாட்டன்."
ஏனென்று நான் கேட்டதில்லை. இன்றைக்கும்.

மரத்துக்குச் சிவப்புப் பொட்டு வைத்தால்
இந்த மாகாணத்தில் உள்ளே வராதே என்று அர்த்தம்.
பொட்டு பத்து சென்ரிமீற்றர் இருக்கவேணும்.
செப்டெம்பரில் எல்லை நெடுக வைத்துக்கொண்டு போனோம்,
நான் தூரிகை, அவன் வாளி.
ஒரு கதியாலுக்காக ஏழு வருடம்
கோட்டுக்குப் போன குடும்பம் அவனுடையது.
கிழக்கு எல்லையை மூன்று தரம் அளந்தான்.
பொட்டு வைத்த இரண்டு மரங்களுக்கு நடுவே
மான் தடம் நேராகப் போனது,
நுளம்பு மொய்த்த எங்கள் இரண்டு பேரையும்
ஒரு பொருட்டாக எண்ணாமல்.

நவம்பர். முதல் திங்கள். இருட்டு.
ஓக் மரத்தில் பழைய சொந்தக்காரன் அறைந்த பலகைமேல்
செம்மஞ்சள் சட்டையோடு ஏறியிருந்தேன்.
இதற்கு இவர்கள் சொல்லும் பெயர் வாயில் வரவில்லை,
பரண் என்றேன்.
தினையைக் காக்கக் கட்டிய சொல்.
இங்கே விரட்ட ஒன்றும் இல்லை,
வரச்சொல்லி இருக்கவேணும்.

ஏழு நாற்பதுக்கு வந்தது.
சதுப்பிலிருந்து, காது முதலில், பிறகு மீதி.
அந்த இரண்டு பொட்டு மரங்களுக்கு நடுவில் நின்றது,
பின்கால்கள் எங்கள் காணியில்,
தலையும் நெஞ்சும் டேல் ஹட்சின்ஸின் பக்கம்.
இந்த எல்லையை நானே வரைந்திருந்தேன்.
தோளில் துப்பாக்கி, விரல் வெளியே.
ஒரு அடி பின்வாங்கு என்று
மனதுக்குள் கெஞ்சினேன், விலை பேசுகிறவள் போல.
அது வாலைத் தூக்கியது.
போய்விட்டது.

பத்து நிமிடம் கழித்து
கிழக்கே ஒரு வெடி. ஒன்றே ஒன்று.

பின்னேரம் டேல் வந்தான், நாலுசில்லு வண்டியில்,
சாக்கில் சுற்றிய ஒரு தொடையும் காலுமாக.
"உங்கள் தண்ணீரில் கொழுத்தது" என்றான்.
தேநீர் வேண்டாமாம்.
கத்தியை எடுத்தேன். மூட்டு தானாக வழிவிட்டது.
குளம்பைத் திருப்பிப் பார்த்தேன்:
வலப்பக்க நுனி உடைந்திருந்தது.

குகபாலன் சாப்பிட்டான். கேட்டான்:
"எங்கட காணியின்ர மானோ?"
"பாதி."
கொஞ்ச நேரம் மென்றான்.
"மிளகு காணாது."