தவறும் அம்புக்குத்தான் நிறம்

பாக்டரியில் கழித்துக் கட்டிய தேயிலைத் தூசியைச்
சுண்டக் காய்ச்சி ஆறவிட்டு
கிழிந்த பனியனால் கம்பில் ஒரு தேய்ப்பு.
அப்போது மரம்
நனைந்த நாயின் நிறம்.

பக்கத்தில் ஹார்லிக்ஸ் பாட்டில்.
உள்ளே, வினிகரில் ஒரு வாரம் ஊறிய
துருப்பிடித்த ஆணிகள்.
அந்தத் தண்ணீரைத் தொட்டு இரண்டாவது தேய்ப்பு.
இருபது எண்ணுவதற்குள் கறுத்துவிடும்.
கறுப்பு நான் பூசியதல்ல.
தேயிலைக்கும் இரும்புக்கும் ஏதோ பழைய வழக்கு,
நான் சாட்சிக் கையெழுத்து.

காய்ந்த பிறகு வளையம்.
தையல் மெஷினிலிருந்து கழற்றிய மோட்டாரில்
அம்பின் வாலைச் செருகி மிதிப்பேன்.
தூரிகை சும்மா நிற்கும், மரம் சுற்றும்.
வட்டம் தானே வந்து
தன் வாலைக் கவ்விக்கொள்ளும்.
தும்மினால் போச்சு.

ஆளுக்கொரு அடையாளம்.
பத்தேரி கண்டக்டர் சஜீவனுக்குப்
பச்சை, பச்சை, நடுவில் மஞ்சள்.
சேரம்பாடி மருந்துக்கடை பீனாவுக்கு
வெள்ளை மேல் நூல் கனத்தில் ஊதா, இரண்டு.
அய்யன்கொல்லி மொய்துவுக்கு ஒரே ஒரு சிவப்பு,
அதுவும் கோணலாக.
நேராகப் போட்டால்
யாருடைய அம்பையோ திருடியதுபோல் இருக்கிறதாம்.
மாதக் கடைசியில் சிவப்பு தீர்ந்தபோது
என் நகப்பூச்சில்தான் போட்டுக் கொடுத்தேன்.
இப்போது அதுவே வேண்டும் என்கிறார்.

தாளூர் சோதனைச் சாவடியில்
கட்டைப் பிரித்த போலீஸ்காரர்
ஆயுதமா என்றார்.
இன்னும் காயல சார், தொடாதீங்க என்றேன்.
தொட்டார்.
மூன்று நாள் அவர் கட்டைவிரலில்
சஜீவனின் பச்சை டூட்டி பார்த்தது.

குத்துகிற சாமானுக்கு எதுக்கு இத்தனை ஒப்பனை
என்று கேட்கிறவர்கள்
பலகையையே பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள்.
தைத்த அம்புக்கு நிறம் வேண்டாம்.
அது எங்கே என்று எல்லாருக்கும் தெரியும்.
தவறியதுதான்
தேயிலைத் தூருக்கடியில் போய்ப்
படுத்துக்கொள்ளும்.
மணி ஆறு, மூடுபனி,
யானை இறங்கும் நேரம் என்று
பின்னாலிருந்து ஒருவர் கத்திக்கொண்டிருக்க
குனிந்து தேடும் கண்ணுக்காகத்தான்
அந்த மஞ்சள், அதையொட்டி வெள்ளை,
சேலைச் சாயத்தில் முக்கிய வான்கோழி இறகு.

இவ்வளவும் தெரிந்த நான்
எனக்கென்று ஆறு செய்தபோது
வளையமே போடவில்லை.
வால்வரை கறுப்பு. இறகும் கறுப்பு.
அழகு என்று சொல்லிக்கொண்டேன்.
தவறாது என்ற திமிர் அது.

ஆவணிக்குள் ஆறும் போயின.
ஒன்று எல்லை தாண்டிக்
கேரளத்துக் காப்பிக்குள் விழுந்தது,
பார்த்தேன். மற்றவை
பார்க்கவும் இல்லை.

தை மாதம் கவாத்து.
செடிகளை முட்டி உயரத்துக்கு வெட்டி வந்தபோது
அமராவதி கையில் கிடைத்தது ஒன்று.
இறகைக் கறையான் தின்று, முனை உதிர்ந்து.
சஜீவனிடம் காட்டினாள், பச்சை இல்லை என்றார்.
பீனா கண்ணாடியைப் போட்டுப் பார்த்து
உதட்டைப் பிதுக்கினாள்.
மொய்து, கோணலாக எதுவும் இல்லையே என்றார்.
கடைசியாக என் வாசலுக்கு வந்தாள்.
"நீங்க செஞ்சதுதானே, யாரோடது அக்கா?"

கையில் வாங்கினேன்.
உருட்டிப் பார்த்தேன், வெளிச்சத்தில் பிடித்தேன்,
வியாபாரி போல.
தெரியலையே என்றேன்.

ஐந்து மாத மழைக்குப் பிறகும்
கறுப்பு அப்படியே இருந்தது.

இப்போது அது அமராவதி வீட்டுப் பின்கட்டில்
பீன்ஸ் கொடிக்கு ஊன்றியிருக்கிறது.
பால் வாங்கப் போகிற வழி.
கொடி தன் பங்குக்குப்
பச்சையாய் நாலைந்து வளையம் சுற்றியிருக்கிறது,
ஒன்றுகூட நேராக இல்லை.
கம்பு மட்டும்
எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும்
நேராகத்தான் செய்திருக்கிறேன்.