முப்பத்தேழாம் மாதிரி

மோட்டுவேக்காவில் மார்ச் மாதம்
மூக்கை நம்பக் கூடாது.
ஊர்க்கோடியில் ஹாப் உலர்த்தும் சூளை
இரவும் பகலும் மூச்சு விடுகிறது.
தபால் நிலையத்தில், மருந்துக்கடையில்,
நாய்களின் முதுகில்கூட
அதே பச்சைப் பிசின் வாசம்.
இந்த ஊரில், இந்த வாரத்தில்,
பில்ஸ்னருக்கு மதிப்பெண் போடச் சொல்வது
மழையில் நிறுத்தி வைத்து
எந்தத் துளி உன்னுடையது என்று கேட்பது மாதிரி.

ஆனாலும் வந்திருக்கிறோம் மூன்று பேர்,
ரக்பி சங்கத்தின் கூடத்தில்,
தோற்ற அணிகளின் படங்களுக்குக் கீழே:
சூளையில் வேலை செய்யும் ஹினேவாய்,
கணக்குத் தணிக்கையாளர் லின்டன்,
சிப்பிப் படகு ஓட்டும் நான்.
மேசையில் உப்பில்லாத பிஸ்கட், ஒரு வாளி,
தேவைக்கு அதிகமாய்ச் சீவிய பென்சில்கள்.

முப்பத்தேழு வருகிறது.
பெயரில்லை. ஒட்டிய எண் மட்டும்.
வைக்கோல் நிறம்;
பின்னால் விரலைப் பிடித்தால்
ரேகை எண்ணலாம், அவ்வளவு தெளிவு.
நுரை எழுந்து, அவசரமில்லாமல் உட்கார்ந்து,
கண்ணாடியில் ஒரு வளையம் விடுகிறது
கடல் இறங்கிய பாறையில் உப்புக்கோடு போல.

இனி மூக்கு.
அறையெல்லாம் ஹாப், கோப்பையிலும் ஹாப்,
எது காற்று, எது பியர்?
மூக்கு மரத்துப்போனால்
நடுவர்கள் தம் சட்டைக் கையை முகர்வார்கள்.
சொந்த வாசம்
தராசு முள்ளை மறுபடி நடுவில் நிறுத்தும்.
ஹினேவாய் முகர்ந்தாள், உதட்டைப் பிதுக்கினாள்.
"என் கை முழுக்கச் சூளை.
உன் கையைக் கொடு."

கொடுத்தேன்.
டீசல், நைலான் கயிறு, நேற்றைய சிப்பி.
கண்ணை மூடி நீளமாய் இழுத்தாள்.
பதினோரு வருடம் ஒரே மேசை;
இத்தனை பக்கத்தில் யாரும் என்னை
மதிப்பிட்டதில்லை.
அதற்குள் அவள் கோப்பைக்குப் போய்விட்டாள்:
"எலுமிச்சை. சாறு இல்லை, தோல்.
நகத்தால் கீறின தோல்.
கசக்கின புல். அடியில் எங்கேயோ
ரொட்டியின் ஓரம்."

"தீக்குச்சியை விட்டுவிட்டாய்," என்றார் லின்டன்.
"உரசி அணைத்த தீக்குச்சி. கந்தகம். குறை.
அதோடு, பில்ஸ்னர் என்றால் அடக்கம் வேண்டும்.
இது கூட்டத்தில் கத்துகிற ஆள்.
ஐம்பதுக்கு முப்பத்தொன்று."

நான் ஒரு மிடறு எடுத்தேன்.
முதலில் மால்ட், ஒரு கணம்,
கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்பவனாய்.
அப்புறம் அது.
தாளில் கசப்பு என்று எழுதினேன், அழித்தேன்.
கசப்பு உள்ளே குடியிருப்பது,
பங்கு பிரித்த படகின் பேரில்
என் அண்ணனிடம் எனக்கு இருப்பது.
இது கைப்பு.
அடிநாக்கில் சுருக்கென்று ஏறி,
வந்த விஷயத்தைச் சொல்லி,
காபிக்குக்கூட நிற்காமல் போய்விடுகிறது.
உலர்ந்து சுத்தமாய்க் கிடக்கிறது வாய்
அடுத்த மிடற்றுக்கு.

"இரண்டு நிமிடம் விடுங்கள்," என்றாள் ஹினேவாய்.
விட்டோம்.
கோப்பை வியர்த்தது. சுவர்க் கடிகாரம்,
ஏதோ டயர் நிறுவனம் தந்தது,
நொண்டி நொண்டி நடந்தது.
லின்டன் மறுபடி முகர்ந்தார்.
மறுபடியும்.
தீக்குச்சி போய்விட்டிருந்தது.
ஒன்றும் சொல்லாமல் ரப்பரை எடுத்து
முப்பத்தொன்றைத் தேய்த்தார்;
ஊதியதில் தூள் என் கோப்பையில் விழுந்தது.
முப்பத்தெட்டு என்று எழுதியபோது
வரி பாக்கி கட்டுகிறவர் முகம் அவருக்கு.
நான் நாற்பத்தொன்று.
அவள் என்ன போட்டாள் என்று காட்டவில்லை.

மிச்சத்தை வாளியில் ஊற்ற வேண்டும், விதி.
வாளியை யாரும் பார்க்கவில்லை.
ரப்பர் தூளோடு குடித்து முடித்தேன்,
அந்த மிடற்றுக்கு மட்டும் எண் இல்லை.

முப்பத்தெட்டு வருகிறது.
கோப்பையைப் பார்த்தபடியே
ஹினேவாய் என் பக்கம் கையை நீட்டுகிறாள்.
நான், மடையன்,
பென்சிலைக் கொடுத்தேன்.