ஒரே சட்டி

முதல் இடிக்கு முளைத்தவை.
காங்கயத்துக்கு வடக்கே எங்கள் கொரங்காட்டில்
வெள்ளை வெளேரென்று ஏழெட்டு.
அப்பா பறித்தார். நான் அலசினேன்.
சின்ன வெங்காயம், மிளகு கொஞ்சம் தூக்கலாக.
ஒரே சட்டி, ஒரே கரண்டி.
அப்பாவுக்கு அறுபத்தாறு.
என் வீட்டுக்காரர் பூபதிக்கு இருபத்தொன்பது.
எனக்கு மிச்சமில்லை.

விடியுமுன் இரண்டு பேருக்கும் வாந்தி.
அடுத்த நாள் தெளிந்து
ஆளுக்கொரு டம்ளர் காப்பி கேட்டார்கள்.
"பித்தமாட்ட இருக்குது, வெசனப்படாதே" என்றார் அப்பா.
அந்த ஒரு நாளில்தான்
புகை வராமல்
உள்ளே எரிந்திருக்கிறது.

மூன்றாம் நாள் கண் மஞ்சள்.
கோயமுத்தூர், அவிநாசி ரோடு,
கட்டில் பதினொன்று, பன்னிரண்டு.
காலை ஆறுக்கு ரத்தம் எடுப்பார்கள், பத்துக்கு எண் வரும்.
கரண்ட் பில்லின் முதுகில் குறித்துக்கொண்டேன்.
பூபதி: பதினான்கு, பதினொன்று, ஏழு.
அப்பா: பதிமூன்று, பதினைந்து, பதினைந்து, பதினாறு.

டாக்டரம்மா நாமக்கல்காரர்.
கையுறை டப்பாவின் மேல் வட்டம் வட்டமாக வரைந்தார்.
"ஈரலுக்கு வளரத் தெரியுமுங்க.
பாதி போனாலும் மீதி பிரிஞ்சு பிரிஞ்சு நிரப்பிக்கும்."
அப்பாவுக்கு?
பேனா ஒரு வட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது.
"வயசான செல்லு சிலது சாகாது. பிரியவும் பிரியாது. நிக்கும்.
சும்மா நின்னாப் பரவால்லை,
நீயும் நில்லுன்னு பக்கத்துக்குச் சேதி அனுப்பீட்டே இருக்கும்.
இப்ப அடிபட்டதுல இன்னுங் கொஞ்சம்
அந்தப் பக்கம் சேர்ந்திருக்கும்."

ராத்திரி, வராந்தாவில் பாய்.
எங்கள் கிளுவை வேலி கண்ணுக்குள் வந்தது.
ஒடித்து நட்ட போத்து ஒரு மழைக்குத் துளிர்க்கும்.
நடுவில் ஐந்தாறு மட்டும்
பட்டை உரிந்து, இலை விடாமல், விழாமல்.
அவற்றின் காலடியில் நட்டதும் துளிர்த்ததில்லை.
வெட்டிப் போடலாமே மாமா, என்று பூபதி ஒருதரம் கேட்டார்.
"அது நிக்கறதுனாலதான் ஆடு தாண்டாம இருக்குது."

அடுத்த நாள் கேட்டேன்:
நிற்கிறதைக் கழுவிவிட மருந்தில்லையா?
"எலிக்கு இருக்குதுங்க."
சிரித்துவிட்டோம், இருவருமே, கட்டிலுக்குப் பக்கத்தில்.
பிறகு அவரே சொன்னார்:
"அதுங்க மேலயும் குத்தமில்லைங்க.
உள்ள எழுத்து சிதைஞ்சு போச்சுன்னு தெரிஞ்சு
படி எடுக்காம நின்னதுதான்.
நிக்காமப் பிரிஞ்சிருந்தா புத்தாயிருக்கும்."

பிழையைப் படியெடுக்க மாட்டேன் என்று நின்றவை.
அவற்றைத் திட்ட வாய் வரவில்லை.
திட்ட ஆள் தேடிப் பார்த்தால்
குழாயடியில் நின்று
காளானைத் தேய்த்துத் தேய்த்து அலசிய கைதான் இருக்கிறது.

ஒன்பதாம் நாள் பூபதி இட்லி கேட்டார்.
திரையை இழுத்து மூடச் சொல்லி, அதற்குள் உட்கார்ந்து தின்றார்.
நடந்து பழகும்போது
கட்டில் பன்னிரண்டைத் தாண்டும் வரை
செருப்பைக் கையில் பிடித்துக்கொள்கிறார்.
தேறுவதற்கு இப்படிக் கூசும் ஆளை
நான் பார்த்ததில்லை.

பன்னிரண்டாம் நாள், அப்பா: பதினைந்து புள்ளி ஆறு.
குறைந்திருக்கிறதா?
"மிஷின் அவ்வளவு முன்னப்பின்ன காட்டுமுங்க" என்றாள் நர்ஸ்.
எழுதி வைத்தேன்.
எழுதிய பிறகு பேனாவை மூடவில்லை.

மத்தியானம் கண் திறந்தார்.
என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்,
யாரென்று தேடுவது போல, பிறகு தெரிந்தது போல.
"கடவைச் சாத்திப் போட்டு வந்தியா?"

சாத்தினேன் என்றேன்.
அன்றைக்கு ஆம்புலன்ஸ் ஏறும்போது
கடவைத் திறந்ததுதான் ஞாபகம் இருக்கிறது.