அழுக்கு நீக்குதல்

படம் ஒன்றுக்கு நாலாயிரம் கியாட்.
நாற்பத்தொரு படம். முழுப் பணமும் முன்னாலேயே வந்துவிட்டது.
யாங்கோனில் முப்பத்தேழாம் தெரு, மாடிப்படிக்கு அடியில் என் கடை.
மின்சாரம் நாலு மணி நேரம் இருக்கும், நாலு மணி நேரம் இருக்காது.
இருக்கிற நேரத்தில்
நான் கூட்ஸ் வண்டி கழுவுகிறேன்.

அனுப்பியவர் எங்கோ குளிர் ஊரில்
தீப்பெட்டி அளவில் வேகன் செய்கிறவர்.
புல் வேண்டாம், கயிறு வேண்டாம்,
நாய் வேண்டாம், ஆள் வேண்டாம்,
பலகையில் கிறுக்கல் வேண்டவே வேண்டாம்.
ஆணிகளை எண்ண முடிந்தால் போதும் என்றார்.

எல்லாம் பழைய ரங்கூன் யார்டு, மஹ்லுவாகோன்.
மஹ்லுவா என்று ஒருத்தி, அவளுடைய மேடு என்பார்கள்.
நம்மாட்கள் வாயில் விழுந்ததும்
அவள் மால்வேகன் ஆகிவிட்டாள்.

ஆளை எடுப்பது சுலபம்.
பக்கத்துச் சரளையில் ஒரு பிடி அள்ளி
முழங்காலில் வைத்தால் முழங்கால் போகும்,
நிழலில் ஒரு பிடி அள்ளி நெஞ்சில் வைத்தால் நெஞ்சு.
தலைப்பாகைக்குத்தான் கொஞ்சம் வானம் செலவாகும்.
பதினைந்து படத்தில் பதினேழு பேர்.
ஒருவன் வேகனுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான்,
சக்கரங்களுக்கு நடுவே இரண்டு கணுக்கால் மட்டும்.
கிரீஸ் என்று நினைத்துத் துடைத்துவிட்டேன்.

பதினாறாவது படம்.
அரிசி வேகன், நாலு சக்கரம், மூடிய கதவு.
எண் ஏழு, மூன்று, வெயில் தின்ற ஏதோ ஒன்று, எட்டு.
கதவுக்குக் கீழே சாக்கட்டிக் கிறுக்கல்.
பெரிதாக்கினேன், வெறும் புள்ளி.
சிறிதாக்கினேன்,
ஒரு கொம்பு, ஒரு சுழி,
தமிழ்.

அடைக்கலம் இதுல ஏராத
பிரேக்கு புடிக்காது

கடை ரசீதில் நான் கின் சான் ஏ.
கோயில் நன்கொடைச் சீட்டில் சௌந்தரநாயகி.
ஞாயிற்றுக்கிழமை கோயில் வகுப்பில்
எனக்கும் இதே ர, ற-வில்தான் அடி விழும்.
ஆனால் இவன் பெயரில் ஒற்றை விடவில்லை.
அடைக்கலத்துக்கு ஒரு க் உண்டு
என்று தெரிந்திருக்கிறது.

எஞ்சின் தள்ளிவிட்ட வேகன் தனியே உருளும்.
கூடவே ஓடி, பிரேக் கம்பியில்
வயிற்றைச் சாய்த்துத் தொங்கி நிறுத்த வேண்டும்.
அதுவும் ராத்திரியில்.
அரிக்கேன் வெளிச்சம் இந்த உயரத்துக்கு வந்திருக்குமா?
வந்தாலும், அடைக்கலத்துக்குப் படிக்கத் தெரியுமா?

பதினேழாவது படம், 'தேவையில்லை' என்று குறித்தது.
தண்டவாளம் முடிகிற இடத்தில் தடுப்புக்கட்டை பிளந்து கிடக்கிறது.
பிளந்த மரம் உள்ளே வெள்ளை வெளேரென்று.
வேகன் இல்லை. யாரும் இல்லை. நான் அழிக்கவில்லை, இல்லை.

இருபத்தொன்பதில் மறுபடி ஏழு, மூன்று, ஏதோ ஒன்று, எட்டு.
புதுப் பெயின்ட். புதுப் பிரேக் கம்பி.
எந்தப் படத்திலும் தேதி கிடையாது.
எது முன்னால், எது பின்னால்
என்று பெட்டிக்கே தெரியாது.

கரண்ட் போனது. பேட்டரி கீச்சிட்டது.
இருட்டில் சேமித்தேன், கிறுக்கலோடு.

மறுநாள் கேட்டார்: பதினாறில் கறை விட்டுப்போயிருக்கிறதே?
கறை இல்லை, சொன்னேன்.
என்ன எழுதியிருக்கிறது என்றும் சொன்னேன்.
ஐந்தே நிமிடத்தில் பதில், அவ்வளவு சந்தோஷம்.
அப்படியானால் அந்தக் கம்பியை
அரை மில்லிமீட்டர் வளைத்து வைப்பாராம்.
இதுவரை யாரும் செய்யாத நுணுக்கமாம்.

ஒரு பொத்தானை அமுக்கினால் பதினேழு பேரும்
சரளையிலிருந்து எழுந்து வருவார்கள்.
மூலப்படங்கள் என்னிடம்தான் இருக்கின்றன.
வாங்கின பணமும் என்னிடம்தான்.

சாக்கட்டி எழுத்தையும் பலகையில் தீட்டுவாராம்,
பெரிதாக எழுதி அனுப்பச் சொன்னார்.
ற போடலாமா என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
அவன் போட்டபடியே போட்டேன்.